ஆக்கள் பார்த்துக் குடுங்கோ

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டுக்காரர் பேஸ்மன்டை வாடகைக்கு விடவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டால், வாடகை எவ்வளவு, பார்க்கிங் உண்டா, ஹைட்ரோ (கரண்ட் பில்) யார் கட்டுவது என்ற கதையெல்லாம் சுருக்காக முடிந்துவிடும். தேத்தண்ணி குடித்து, நான் சப்பாத்தைப் போடக் குனிகிற நேரத்தில்தான் முக்கியமான கதை வரும்.

"பிள்ளை, ஆக்கள் பார்த்துக் குடுங்கோ."

நான் விளங்காத மாதிரி நிற்பேன்.

"எங்கட ஆக்கள் எண்டால் நல்லது. இல்லாட்டி சைனீஸ், பிலிப்பினோ எண்டாலும் பரவாயில்லை. மற்றவை வேண்டாம். பிறகு எழுப்பேலாது. உங்களுக்கு விளங்கும்தானே."

'மற்றவை' என்றால் கறுப்பினத்தவர். வேறு ஆட்கள் வீட்டில் இல்லாவிட்டால் 'காப்பிலி' என்ற சொல்லும் வரும். சொல்கிறவருக்கு அது வசவாகவே படாது. வீட்டு முகவராக லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். சொல்கிறவர்கள் கொடியவர்களும் இல்லை. ஒருவர் கோயில் அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுப்பவர். இன்னொருவர் 2009 மே மாதம், இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து எங்கள் சனம் இருந்தபோது கைக்குழந்தையோடு போய் இருந்தவர். ஒரு நாட்டில் சிறுபான்மையாக இருப்பது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

எங்களுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தவர்களுக்கு அப்பார்ட்மென்ட் எடுப்பதே பெரும்பாடு. தொலைபேசியில் "இருக்கிறது, வாருங்கள்" என்பார்கள். நேரில் போனால் "இப்போதுதான் போய்விட்டது". அண்ணாவோடு வேலை செய்த கயானாக்காரர் ஒருவருக்கு ஆங்கிலப் பெயர், சுத்தமான ஆங்கிலம். அவரைக் கொண்டு பின்னேரம் எடுப்பித்தால் அதே வீடு மறுபடியும் காலி. கறிமணம், ஆட்கள் கூட, சத்தம் என்று எங்களைப் பற்றி ஒரு பட்டியல் இருந்தது. பிறகு 'தமிழ் கேங்' காலம் வந்தது. சில பெடியள் வாளோடும் துவக்கோடும் திரிந்தது உண்மை. அதை வைத்து, டோனட் கடை வாசலில் நாலு தமிழ்ப் பெடியள் நின்றாலே பொலிஸ் கார் வந்து நின்றதும் உண்மை. இரவு வேலை முடிந்து வந்த அண்ணாவை மறித்துப் பெயர், முகவரி, யாரோடு பழகுகிறாய் என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு விட்டார்கள். கூட மறிக்கப்பட்டவன் எங்கள் கட்டிடத்தில் இருந்த ஜமெய்க்காப் பெடியன். 2010 ஆகஸ்டில் தஞ்சம் கேட்டு வந்த 492 தமிழரோடு எம்.வி. சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது, "அதில் புலிகள் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று என்னோடு வேலை செய்தவர்கள் சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல.

எங்கள் பெடியளைப் பற்றிய அந்தப் பேச்சு காலப்போக்கில் மங்கிவிட்டது. அந்த ஜமெய்க்காப் பெடியனைப் பற்றியது மங்கவில்லை. ஒன்ராறியோ மாகாண மனித உரிமை ஆணைக்குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையின்படி, 2013 முதல் 2017 வரை ரொறன்ரோ பொலிஸ் சுட்டு உயிர்போகும் சம்பவத்தில் ஒரு கறுப்பினத்தவர் அகப்படும் வாய்ப்பு, வெள்ளையரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 20 மடங்கு. ஒரே இரவில் ஒரே மதிலோரம் நின்ற இரண்டு பெடியள், பிறகு வெவ்வேறு கனடாக்களில் வாழ்ந்தார்கள்.

இவ்வளவையும் பட்ட எங்கள் ஆட்களால் எப்படி "மற்றவை வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது? பட்டவன் பிறர் துன்பத்தை உணர்வான் என்று நாங்கள் நினைக்கிறோம். சிலர் உணர்கிறார்கள். ஆனால் அடி வாங்கியவனுக்கு இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது: அடுத்த அடி தன்மேல் விழாமலிருக்க யாருக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும் என்பது.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரனிடம் பழகினோம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. நாங்கள் வரும்போதே ஒரு பெட்டி கொண்டுவந்தோம். இங்கே இறங்கியதும் இன்னொரு பெட்டி தந்தார்கள். கொண்டுவந்த பெட்டிக்குள் 'நல்ல நிறமான' மணமகள் தேடும் விளம்பரம் இருந்தது. சாதி இருந்தது. மலையகத் தமிழரை 'தோட்டக்காட்டார்' என்று சொல்லும் வாய் இருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களுடைய பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு நின்றார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விரட்டினார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேர அவகாசம்தான் கொடுத்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தப் பெட்டியைத் திறக்காமல் கனடாவின் இனவாதத்தைப் பற்றி மட்டும் பேசும் கூட்டங்களுக்கு நான் இப்போது போவதில்லை.

இங்கே தந்த பெட்டி வேறு மாதிரி. அதில் வசவுச் சொல் எதுவும் இருக்காது. ஆறுமணிச் செய்தி இருக்கும், கிரெடிட் ஸ்கோர் இருக்கும், 'நல்ல ஏரியா' இருக்கும். என் தொழிலில் அந்த 'நல்ல ஏரியா' எப்படி உருவாகிறது என்று கிட்ட நின்று பார்க்கலாம். வீடு வாங்க வருகிறவர் முதலில் ஸ்கூல் ரேட்டிங் கேட்பார். அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் தொட்டுக்கொண்டு போகிற எண். எண் கூடினால் வீட்டு விலை கூடும். விலை கூடினால் வசதி குறைந்தவர்கள் வெளியே போவார்கள். எண் இன்னும் கூடும். இதற்குள் யாரும் யாரையும் திட்டவில்லை.

ஒரு வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், பண்பான மனிதர். பேஸ்மன்ட் நெடுநாள் காலியாகக் கிடக்க, வேறு வழியில்லாமல் கானாவிலிருந்து வந்த ஒரு தாயையும் மகளையும் வைத்தார். தாய்க்கு முதியோர் இல்லத்தில் வேலை. வாடகை முதலாம் திகதி காலையிலேயே வந்துவிடும். பனி கொட்டினால் மகள் இவருடைய வாசலையும் சேர்த்து வழித்துவிடுவாள். பிறகொரு நாள் என்னிடம் அவர் பெருமையாகச் சொன்னார்: "இவை அப்பிடியான ஆக்கள் இல்லை, பிள்ளை."

'அப்பிடியான ஆக்கள்' என்ற எண்ணத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. தாயும் மகளும் விதிவிலக்கு; விதி விதியாகவே இருந்தது. அவர்கள் சொந்தமாக வீடு வாங்கிப் போனபிறகு எனக்கு வந்த நிபந்தனையும் பழையதுதான். இதில் விசேஷம் என்னவென்றால், அவர்களுக்கு முன் அதே பேஸ்மன்டில் இருந்த ஒரு தமிழ்ப் பெடியன் சில மாத வாடகையைக் கட்டாமல் இரவோடிரவாக ஓடியிருந்தான். அவனை இவர் "அந்த நாசமாய்ப் போவான்" என்று தனி ஆளாகவே நினைவில் வைத்திருந்தார். இனித் தமிழருக்குக் குடுக்கக்கூடாது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தமிழன் செய்தால் அது அவன் குணம், கறுப்பினத்தவர் செய்தால் அது அவர்களின் இனம். நல்லது நடந்தால் இது அப்படியே தலைகீழாகும்.

ஆகவே "எல்லாரும் மனிசர்தானே" என்று நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை; அதற்குத் தலையாட்டிவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்ப்பார்கள். நான் கேட்பது இதைத்தான்: "அந்தப் பெடியன் ஓடின பிறகும் ஏன் அண்ணை திரும்பவும் தமிழரைத்தான் கேக்கிறியள்?" இதற்குப் பதில் உடனே வராது. வராத அந்த நேரம்தான் எனக்கு வேண்டியது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமல் வேறு கதைக்குப் போய்விடுவேன்.

பல்கலைக்கழகம் போய்வரும் பிள்ளைகளிடம் வேறொரு வாதம் இருக்கிறது. சிறுபான்மையினரிடம் அதிகாரம் இல்லை, ஆகவே எங்களிடம் இருப்பது வெறும் முற்சாய்வு, அதை இனவாதம் என்று சொல்லக்கூடாது என்பார்கள். பெரியவர்கள் மறுபக்கம்: "அவங்களும் எங்களை 'பாக்கி' எண்டுதானே சொல்லுறாங்கள், அது மட்டும் என்னவாம்?" ('பாக்கி' என்பது தெற்காசியரைப் பழிக்கும் ஆங்கில வசவு.) இரண்டிலும் பாதி சரி. அதிகாரம் ஒட்டாவாவில் மட்டும் இருப்பதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒரு பேஸ்மன்டின் சாவி, ஒரு உணவகத்தில் ஆள் எடுக்கும் உரிமை, தொழிற்சாலையில் யாருக்கு ஓவர்டைம் என்று முடிவெடுக்கும் சூப்பர்வைசர் வேலை, இவையெல்லாம் இப்போது எங்கள் ஆட்களின் கையில் தாராளமாக இருக்கின்றன. சாவி வைத்திருப்பவன் எந்த நிறம் என்பது வெளியே குளிரில் நிற்பவருக்கு முக்கியமில்லை.

பெரியவர்களுக்குச் சொல்வது இது. ஒரு கறுப்பின வீட்டுக்காரர் தமிழருக்கு வீடு இல்லை என்று சொன்னால் அதுவும் அநியாயம்தான், அதுவும் சட்டவிரோதம்தான். ஆனால் அந்தத் தமிழர் அடுத்த தெருவுக்குப் போய் ஒரு தமிழ் வீட்டில் இருந்துவிடுவார். ஒரு சோமாலித் தாய்க்கு அப்படியில்லை. தமிழ் வீட்டில் இல்லை, சைனீஸ் வீட்டில் இல்லை, வெள்ளைக்காரர் வீட்டில் "இப்போதுதான் போய்விட்டது", பெரிய கம்பனியில் கிரெடிட் போதாது. நாலு பேரும் நாலு காரணம் சொன்னார்கள்; யாரும் ஒன்றுகூடித் திட்டமிடவில்லை. முடிவில் அவர் பிள்ளைகளோடு தூரத்தில், கூடிய வாடகைக்கு, மூட்டைப்பூச்சி உள்ள கட்டிடத்தில் போய் இருக்கிறார். அந்தச் சுற்றாடலில்தான் பொலிஸ் அதிகம் நிற்கும், கமெராவும் அங்கேதான் போகும். மாலைச் செய்தியில் அந்தக் கட்டிடம் வரும்போது எங்கள் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து சொல்வார்: "பாத்தியளோ?" தான் மூடிய கதவும் அந்தச் செய்திக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்களைப் பற்றி ஒரு இடைச்செருகல். வாடகைக் கட்டிடங்கள் பல நடத்தும் நிறுவனமொன்றின் அலுவலர் ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், "உண்மையில் உங்கள் சமூகத்து வீட்டுக்காரர்கள்தான் மோசம், நாங்கள் நிறமே பார்ப்பதில்லை." அவருக்குப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. வாடகையின் மூன்று மடங்கு வருமானம், கனடாவில் வாடகைக்கு இருந்த வரலாறு, இத்தனைக்கு மேல் கிரெடிட் ஸ்கோர் என்று மூன்று வடிகட்டிகளைப் போட்டால், நிறம் என்ற பேச்சே எடுக்காமல் அதே ஆட்கள் அதே வாசலில் நின்றுவிடுவார்கள். நேற்று வந்திறங்கிய தமிழரும் அதில்தான் நிற்பார். எங்கள் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்கிறார், பிடிபடுகிறார், இனவாதத்தின் முகமாகிறார். வாய் திறக்காதவர் நல்லவராகி, எங்களைக் காட்டித் தன்னைக் கழுவிக்கொள்கிறார். எங்கள் வீட்டு அழுக்கைப் பற்றி நான் எழுதுவதை யாரும் அந்த அலுவலருக்குச் சாட்சியாக எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

சமையலறை மேசையில் நேரம் இருந்தால் ஒரு பழைய கதை சொல்வேன். 1911 ஆகஸ்டில் பிரதமர் லோறியரின் அமைச்சரவை, கறுப்பினக் குடியேறிகளை ஒரு வருடத்துக்குத் தடுக்கும் ஆணை ஒன்றை நிறைவேற்றியது. கனடாவின் காலநிலைக்கு அவர்கள் பொருந்தமாட்டார்களாம். (ஸ்காபரோவில் ஜனவரி மாதம் பஸ்சுக்கு நின்ற எந்தத் தமிழரும் இந்த இடத்தில் சிரிப்பார்.) சில வாரங்களில் ஆணையை எடுத்துவிட்டார்கள், மனப்பான்மை போகவில்லை. 1951இல் தெற்காசியருக்கு என்று வருடக் கோட்டா வந்தது: இந்தியாவுக்கு 150, பாகிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50. முழு இலங்கைக்கும் ஐம்பது. பார்படோஸில் பிறந்த டொனால்ட் மூர் என்பவர், 1954 ஏப்ரலில் ரொறன்ரோவிலிருந்து ஒரு தூதுக்குழுவை ஒட்டாவாவுக்குக் கூட்டிப்போய், நிறத்தை வைத்து ஆள் எடுக்கும் குடிவரவுச் சட்டம் பிழை என்று அமைச்சரின் முகத்துக்கு நேரே சொன்னார். அதே வருடம் ஒன்ராறியோவின் டிரெஸ்டன் என்ற சின்ன ஊரில், கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு போடமாட்டோம் என்ற உணவகங்களை எதிர்த்து ஹியூ பேர்னட் என்ற தச்சர் போராடிக்கொண்டிருந்தார். இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கப் புதிதாக வந்த சட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க அங்கே போய் மேசையில் உட்கார்ந்தவர்கள் ஜமெய்க்காவில் பிறந்த புரொம்லி ஆம்ஸ்ட்ரோங்கும், சீன வம்சாவளிப் பெண்ணான ரூத் லோரும். இருவருக்கும் சாப்பாடு கிடைக்கவில்லை. இப்படிப் பலர் முட்டிமோதியதில்தான் 1962இல் ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவை வந்தது. அதே வருடம் குடிவரவு விதிகளில் இனப் பாகுபாடு பெரும்பாலும் நீக்கப்பட்டது. 1967இல் படிப்பு, தொழில், மொழி பார்த்து ஆள் எடுக்கும் புள்ளி முறை வந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் சனம் வந்து நின்ற கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது.

இதைக் கேட்டதும் மனம் மாறிவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் "அவங்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தவங்கள்?" என்ற கேள்வி அந்த வீட்டில் பிறகு என் காதில் விழுவதில்லை.

எங்கள் ஆட்களிடம் முதலில் வேலை செய்வது சட்டம். அதில் எனக்கு வெட்கமில்லை. சட்டக்கோவையின் 2ஆம் பிரிவு குடியிருப்பில் இனம், நிறம், பிறந்த நாடு, மதம் பார்ப்பதைத் தடுக்கிறது; அரச உதவிப் பணம் எடுக்கிறவர் என்று ஒதுக்குவதையும் தடுக்கிறது. "எங்கட சொந்த வீடுதானே" என்பவர்களுக்கு 21ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: வாடகைக்கு வருகிறவர் உங்களோடு, அல்லது உங்கள் குடும்பத்தோடு, குளியலறையையோ சமையலறையையோ பகிரவேண்டியிருந்தால் மட்டும். தனி வாசலும் தனிக் குசினியும் உள்ள பேஸ்மன்டுக்கு அந்த விலக்கு இல்லை. முகவர் சொல்லித்தான் செய்தேன், வீட்டுக்காரர் சொல்லித்தான் செய்தேன் என்று ஆளை ஆள் காட்டவும் முடியாது, இருவரும் பொறுப்பு.

அதற்கு மேல் நான் வைத்திருக்கும் முறை சாதாரணமானது. விளம்பரம் போகுமுன் என்னென்ன கேட்கப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். வேலைக் கடிதம், கிரெடிட் அறிக்கை, முன்பிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண். எல்லாருக்கும் ஒரே தாள். இவற்றைக் கேட்கச் சட்டம் விடுகிறது. வருமானத்துக்கும் வாடகைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தட்ட விடாது. கிரெடிட் வரலாறே இல்லாத புதியவரை அதற்காகக் குறைத்து மதிக்கவும் கூடாது. எந்த நாடு, எந்தக் கோயில், என்ன சமைப்பீர்கள் என்ற கேள்விகள் அந்தத் தாளில் இல்லை. விண்ணப்பங்களை வந்த ஒழுங்கிலேயே அனுப்புவேன். ஒருவரைத் தட்டினால் தாளில் உள்ள எந்த வரிக்காக என்று வீட்டுக்காரர் எனக்கு எழுதித் தரவேண்டும். "ஆறு மாதக் காசை முன்னுக்குக் கேளுங்கோ" என்ற தந்திரம் அடிக்கடி வரும், அதுவும் குறிப்பிட்ட ஆட்களிடம் மட்டும். ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கமுடியாது என்று சொல்லி அதை அங்கேயே நிறுத்திவிடுவேன். வாயால் சொல்வது எளிது, எழுதித் தருவது கஷ்டம். அந்தக் கஷ்டத்திலேயே பாதிப் பேர் வழிக்கு வந்துவிடுகிறார்கள்.

தமிழ் வாடகையாளர் வந்தால் மட்டும் பிரச்சினை இல்லையா என்றால், அங்கேயும் ஒரு சல்லடை உண்டு. "தம்பி எந்த ஊர்?" ஊர் சொன்னால் "ஊரில எந்தப் பக்கம்?" பக்கம் சொன்னால் "எந்தக் கோயிலடி?" இது ஊர்ப்பாசம் என்றுதான் புதிதாகக் கேட்பவருக்குத் தோன்றும். கேள்வி எங்கே போய் முடிகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கண்டியில் பிறந்து வளர்ந்த ஒரு பெடியனை, அவன் சொன்ன பாட்டனாரின் தோட்டத்துப் பெயரை வைத்தே ஒரு வீட்டுக்காரி வேண்டாம் என்றார். கறுப்பினத்தவரைத் தட்டும் அதே கை, அதே குரல், "உங்களுக்கு விளங்கும்தானே" என்ற அதே வாலும்கூட. நிறம் பார்ப்பதைத் தனியே ஒரு நோயாக எடுத்துக் குணப்படுத்திவிடலாம் என்று நான் நம்பாததற்கு இதுதான் காரணம். சாதியைப் பார்ப்பதும் இந்தச் சட்டக்கோவைக்குள் வரும் என்று ஆணைக்குழு 2023 ஒக்டோபரில் கொள்கை அறிக்கையாகவே சொல்லியிருக்கிறது. அதைத் தமிழில் எழுதிக் கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறேன், ஊர் கேட்கிறவர்களுக்கு வாசித்துக் காட்ட.

பள்ளிக்கூடத்தில் இது வேறு வேஷம் போடும். "உங்கள் பிள்ளைகள் கரைச்சல் இல்லாத பிள்ளைகள்" என்று ஓர் ஆசிரியர் பெற்றோர் சந்திப்பில் சொன்னபோது அருகிலிருந்த தமிழ்த் தாய்க்கு முகம் மலர்ந்தது. யாரோடு ஒப்பிட்டு அந்தப் பாராட்டு என்று அவர் யோசிக்கவில்லை. ரொறன்ரோ பள்ளிச் சபையின் தரவுகளை வைத்து யோர்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அக்கடெமிக் பாதையில் வெள்ளைப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர், மற்ற நிறத்துப் பிள்ளைகளில் 80, கறுப்பினப் பிள்ளைகளில் 53. அந்த எண்பதுக்குள்தான் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த 80ஐக் காட்டித்தான், பார், நிறம் ஒரு தடையே இல்லை என்று மற்றவர்களின் 53ஐ அவர்கள் தலையிலேயே கட்டுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளை இப்படிப் பிரிப்பதை மாகாணம் 2021இல் கணிதத்திலிருந்து தொடங்கி நிறுத்தியபோது "தரம் குறையப் போகுது" என்று கூடுதலாகக் கவலைப்பட்டவர்களில் எங்கள் பெற்றோரும் உண்டு.

வீட்டுக்குள் என்ன செய்வது என்று இளம் ஆட்கள் கேட்பார்கள். விருந்தினர் முன்னால் அம்மாவையோ பெரியம்மாவையோ 'ரேசிஸ்ட்' என்று சொல்லாதீர்கள். அதன்பிறகு கதை அந்தச் சொல்லைப் பற்றியும் உங்கள் மரியாதைக்குறைவைப் பற்றியும்தான் இருக்கும். பகிடி சொன்னால் சிரிக்காமல் இருப்பது பெரிய வேலை. சிரிப்பு வராத பகிடியை எங்கள் ஆட்கள் இரண்டாம் முறை சொல்வதில்லை. தனியே இருக்கும்போது "உங்களுக்கு ஆர் அப்பிடிச் செய்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் எதுவும் செய்திருக்கமாட்டார்கள். ஒரு மச்சானுக்கு நடந்ததாக யாரோ சொன்ன கதை இருக்கும். சிலவேளை உண்மையிலேயே ஒன்று நடந்திருக்கும். இரவு பஸ்ஸில் சங்கிலி அறுத்தார்கள் என்று ஒரு மாமி சொன்னால், அதை "அப்படி நினைக்கக்கூடாது" என்று அமத்தாதீர்கள். அவர் பயந்ததைக் கேளுங்கள். அதன்பிறகு, அதே மாமியின் வீட்டை உடைத்துத் தாலிக்கொடியைக் கொண்டுபோனவர்கள் எங்கள் ஆட்கள்தானே என்று நினைவுபடுத்தலாம், இருவருமே சிரித்தபடி. மகள் ஒரு ட்ரினிடாட் பெடியனைக் கூட்டிவந்தால் வீட்டில் நடப்பதற்கு என்னிடம் மருந்தில்லை. ஒன்று மட்டும்: அந்தப் பெடியனையே எல்லாருக்கும் பதில் சொல்ல நிறுத்தாதீர்கள். அவன் சாப்பிட வந்திருக்கிறான், தன் இனத்துக்காக வழக்காட வரவில்லை.

சில காலத்துக்கு முன் ஒரு சோமாலிப் பெண், மருத்துவமனைத் தாதி, ஒரு தமிழ் வீட்டு விளம்பரத்துக்கு எழுதியபோது ஆசியக் குடும்பம்தான் வேண்டும் என்று குறுஞ்செய்தி வந்தது. வீடு என்னுடைய விளம்பரம் இல்லை. பெண் என் மூலம் வேறு வீடு பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியை அழிக்கவேண்டாம், படம் பிடித்து வையுங்கள், விளம்பரத்தையும் திகதியோடு எடுத்து வையுங்கள் என்றேன். மனித உரிமைச் சட்ட உதவி மையத்தில் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள். தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போடவேண்டும். அவர் போட்டார். விளம்பரத்தை நானும் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். மத்தியஸ்தத்தில் முடிந்தது, என்ன முடிவு என்று வெளியே சொல்லமுடியாது.

ஊருக்குள் கதை எப்படியோ போய்விட்டது. "எங்கட ஆக்களைக் காட்டிக் குடுத்திட்டாள்" என்றார்கள். ஒரு திருமண மண்டபத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாக இருந்தது. சில வீட்டுக்காரர்கள் வேறு முகவரிடம் போனார்கள். அவர் அவர்களுக்குப் பிடித்த மாதிரியே ஆள் பிடித்துக் கொடுக்கிறார் என்று கேள்வி. இன்னும் சிலர் என்னையே கூப்பிடுகிறார்கள். தேத்தண்ணி தருகிறார்கள், தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் சப்பாத்துப் போடும்போது வாசலில் வந்து நின்று எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, றோட்டில் பனி, பார்த்து ஓட்டுங்கோ என்கிறார்கள்.